லான்சோ பாலின் முழங்கால்: ஆறு வாரக் காயம் இரண்டே முக்கால் ஆண்டு நீண்டது ஏன்?

பக்கக்கோடு எழுதியது:

வணக்கம். அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரில் ஆடும் சிகாகோ புல்ஸ் அணியின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவன் நான். அணி கிழக்குப் பிரிவின் உச்சியில் இருந்த நேரத்தில், 2022 ஜனவரி 14 அன்று கோல்டன் ஸ்டேட் அணியுடன் நடந்த ஆட்டத்தோடு எங்கள் ஆட்டக்காரர் லான்சோ பால் காயத்தால் வெளியேறினார். இடது முழங்காலில் மெனிஸ்கஸ் என்னும் மூட்டுப் பட்டை கிழிந்திருப்பதாகவும், அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் திரும்புவார் என்றும் அறிவித்தார்கள். அவர் மீண்டும் களமிறங்கியதோ 2024 அக்டோபர் 23 அன்று. இதற்கிடையில், 2021 ஏப்ரலில் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் அறுந்த டென்வர் ஆட்டக்காரர் ஜமால் மரே, 2022 அக்டோபரில் திரும்பி வந்து அந்தப் பருவத்திலேயே தன் அணியுடன் கோப்பையும் வென்றுவிட்டார். ஏ.சி.எல். காயம்தான் பெரியது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் சிறிய காயம் என்று சொல்லப்பட்டது இத்தனை காலம் இழுத்தது எப்படி? தொடக்கக் கணிப்பே தவறா, அல்லது இடையில் வேறு ஏதேனும் நடந்ததா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பின்வரிசை எழுதியது:

காயத்தின் பெயரை மட்டும் வைத்துக் கால அளவைக் கணக்கிட முடியாது, நண்பரே. ஏ.சி.எல். அறுந்தால் உடலின் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் பொருத்துகிறார்கள். அது எலும்போடு ஒட்டி முறுக்கேறுவதற்குப் பெரும்பாலும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். நீண்ட காலம்தான், ஆனால் நன்கு அறிந்த பாதை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சேதமடையாமல் இருந்தால் அந்தக் கணக்கு பெரிதும் பிசகாது.

மெனிஸ்கஸின் நிலை வேறு. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் அந்தப் பட்டையின் வெளி ஓரத்துக்கு மட்டுமே போதிய இரத்தம் வருகிறது. அங்கே கிழிந்தால் தைத்துவிட்டு நான்கைந்து மாதம் காத்திருக்கலாம். உட்பகுதியில் கிழிந்தால் அது தானாக ஆறாது என்பதால், கிழிந்த துணுக்கை வெட்டி நீக்குவதே வழக்கம். ஆறு வாரக் கணிப்பு பொதுவாக இப்படி நீக்கியபின் சொல்லப்படுவதுதான், அது பலருக்குப் பலித்தும் இருக்கிறது. ஆனால் பட்டை குறைந்த அளவுக்குக் குருத்தெலும்பின் மேல் சுமை கூடும். குருத்தெலும்புக்கு இரத்த நாளமே கிடையாது, தேய்ந்தால் தேய்ந்ததுதான். பாலின் அதே இடது முழங்காலில், அவர் லேக்கர்ஸ் அணியில் இருந்த 2018 ஜூலையிலேயே மெனிஸ்கஸுக்காக ஓர் அறுவை நடந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறகு நடந்தவற்றின் வரிசையைப் பார்த்தாலே சிக்கலின் ஆழம் விளங்கிவிடும். 2022 ஜனவரியில் ஒரு நுண்துளை அறுவை, செப்டம்பரில் இன்னொன்று, 2023 மார்ச்சில் தானம் பெற்ற திசுவைக் கொண்டு குருத்தெலும்பு மாற்று அறுவை. இரண்டாவது அறுவைக்கு முன்பு, முழங்கால் 30 முதல் 60 டிகிரி வரை மடங்கும்போது காலில் வலுவே இல்லை என்றும், ஓடவோ குதிக்கவோ முடியவில்லை என்றும் அவரே செய்தியாளர்களிடம் கூறினார். தற்காப்பில் குனிந்து நிற்பதற்கும், பாய்ந்து தரையிறங்குவதற்கும், ஓட்டத்தில் சட்டென நின்று திரும்புவதற்கும் ஆட்டக்காரருக்கு வேண்டியிருப்பது அந்தக் கோணம்தான்.

இயன்முறையாளர் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மூட்டுக்குள் சிறிதளவு நீர் கோத்திருந்தாலே நரம்புகள் தொடையின் முன்தசையை இயங்கவிடாமல் அடக்கிவிடும். ஆள் எவ்வளவு முயன்றாலும் தசை முழுதாக இறுகாது. தசை வலுவிழந்தால் தரையிறங்கும் அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போய், வீக்கம் மறுபடி வரும். ஆகவே பயிற்சியை ஒரு படி கூட்டிவிட்டு, மறுநாள் காலையில் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, வீங்கியிருந்தால் பழைய படிக்கே திரும்ப வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சோம்பலாகத் தோன்றும். மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் ஊன்றுகோல்தான். ஓட்டமெல்லாம் பல மாதங்களுக்குப் பிறகே. 2023 ஆகஸ்டில், நாற்காலியிலிருந்து எழக்கூட லான்சோ பாலால் முடியவில்லை என்று தொலைக்காட்சியில் ஒரு விமர்சகர் பேசியபோது, பால் ஒற்றைக் காலால் எழுந்து நிற்கும் காணொளியை வெளியிட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கோ அது அந்தக் கட்டத்துக்கு மிக நல்ல அறிகுறியாகப் பட்டது.

ஆடத் தகுதியை உறுதிசெய்ய, காயமடைந்த கால் மற்ற காலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்று பார்ப்பது வழக்கம். நீண்ட ஓய்வில் நல்ல காலும் இளைத்துப்போவதால் இந்த அளவுகோலை நான் முழுமையாக நம்புவதில்லை.

நடுவட்டம் எழுதியது:

மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் வாரக் கணக்கை வெளியில் சொன்னதே பிழை என்பேன். இதே அணியில் டெரிக் ரோஸ் 2012 ஏப்ரல் 28 அன்று ஏ.சி.எல். அறுந்து வீழ்ந்தார். மருத்துவர்கள் அனுமதித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபின்பும் 2012-13 பருவம் முழுவதும் இறங்காததற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அடுத்த பருவத்தில் திரும்பியவருக்கு நவம்பரிலேயே வலது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்தது. காத்திருந்தும் காயம் வரத்தான் செய்தது என்பதற்காகக் காத்திருந்தது தவறாகிவிடாது.

பக்கக்கோடு எழுதியது:

மிக்க நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம்: இப்போது அந்த முழங்கால் குணமாகிவிட்டது என்று கொள்ளலாமா?

பின்வரிசை எழுதியது:

ஆடக்கூடிய நிலைக்கு வந்திருக்கிறது என்று கொள்ளலாம். மாற்றுத் திசு மூட்டைப் புதிதாக்கிவிடாது, எத்தனை ஆண்டு தாங்கும் என்பது சுமையைப் பொறுத்தது. அதனால்தான் நிமிடங்களுக்கு வரம்பு வைத்து அவரை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். திரும்பிய சில ஆட்டங்களிலேயே மணிக்கட்டில் சுளுக்கு ஏற்பட்டு மீண்டும் வெளியே அமர நேர்ந்தது அவருடைய போதாத காலம். அதற்கும் முழங்காலுக்கும் தொடர்பில்லை.