மிட்-அல்ஸ்டர் 1955: டாம் மிட்செலுக்கு விழுந்த ஓட்டு ஆயுதப் போராட்டத்துக்கு விழுந்த ஓட்டா?

கொற்கை:
வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்கப் போராடிய ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ., 1956 டிசம்பரில் எல்லைத் தாக்குதல்களில் இறங்கியதை நியாயப்படுத்துபவர்கள், 1955 பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் அதன் அரசியல் பிரிவான சின் ஃபெய்ன் வட அயர்லாந்தில் வாங்கிய 1,52,310 ஓட்டைக் காட்டுகிறார்கள். இது நிற்காத வாதம். மிட்-அல்ஸ்டர் தொகுதியில் அதன் வேட்பாளரும் டப்ளின்காரருமான மிட்செல், 1954 அக்டோபரில் ஓமா பிரிட்டிஷ் ராணுவ முகாம் மீது ஐ.ஆர்.ஏ. நடத்திய தாக்குதலில் பிடிபட்டு 10 ஆண்டு தண்டனை பெற்றவர். பெல்ஃபாஸ்ட் சிறையிலிருந்தே போட்டியிட்டு 29,737 வாங்கினார். பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற யூனியனிஸ்ட் தரப்பின் சார்ல்ஸ் பீட்டிக்கு 29,477. வித்தியாசம் வெறும் 260. அதுவரை எம்.பி.யாக இருந்த, ஆயுதமில்லாமல் அயர்லாந்து இணைப்பைக் கேட்ட கத்தோலிக்கர் தரப்பின் நேஷனலிஸ்ட் மைக்கேல் ஓ'நீல் நிற்கவில்லை. பீட்டி வேண்டாம் என்ற கத்தோலிக்கருக்கு வேறு யார் இருந்தார்?

நன்னன்:
மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டால் எப்படி? தண்டனைக் கைதி என்று ஜூலையில் நாடாளுமன்றம் அவர் இடத்தைக் காலி செய்தது. ஆகஸ்ட் 11 இடைத்தேர்தலில் அதே இருவர்தான். மிட்செல் ஜெயித்தாலும் உட்கார முடியாது என்று தெரிந்தே மக்கள் போட்டார்கள். 30,392க்கு 29,586. வித்தியாசம் 806 ஆனது. பதவிக்கு வரமுடியாத ஆளுக்கு ஓட்டு கூடுகிறது என்றால் அவர் செய்த காரியத்துக்குத்தானே?

பனையோலை:
சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். பிரிட்டனின் 1870 பறிமுதல் சட்டப்படி, பெருங்குற்றத்துக்கு 12 மாதத்துக்கு மேல் தண்டனை பெற்றவர் அதை அனுபவித்து முடிக்கும்வரை உறுப்பினராக முடியாது. தகுதியின்மை தெரிந்தும் போட்ட ஓட்டு வீண் ஓட்டு என்பது பழைய விதி. 1875இல் அயர்லாந்தின் டிப்பரரி தொகுதியில், முன்பு தண்டனை பெற்றிருந்த ஜான் மிட்செல் என்ற வேறொருவருக்கும் இதுதான் நடந்தது. இரண்டு முறை ஜெயித்தார், இடம் எதிராளிக்குப் போனது. ஆகஸ்ட் முடிவை எதிர்த்து பீட்டி மனுப் போட, தேர்தல் நீதிமன்றம் அவரையே உறுப்பினராக்கியது. பக்கத்துத் தொகுதியான ஃபெர்மனா-தென் டைரோனில் 261 ஓட்டில் வென்ற ஃபிலிப் கிளார்க்கும் ஓமா கைதிதான். அங்கே எதிராளி மே மாத முடிவின் மீதே மனுப் போட்டதால் இடைத்தேர்தல் இல்லாமலே இடம் கைமாறியது.

பீட்டிக்கும் அது நிலைக்கவில்லை. தேசியக் காப்பீட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் இருந்தது ஆதாயப் பதவி என்றாகி அவரும் தகுதி இழந்தார். தகுதியில்லாமல் உறுப்பினராக இருந்ததற்கான அபராதத்திலிருந்து அவரைக் காக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது.

கொற்கை:
அதனால் வந்த 1956 மே இடைத்தேர்தல்தான் என் சாட்சி. இந்த முறை ஓ'நீலும் நின்றார். சுயேச்சை யூனியனிஸ்ட் ஜார்ஜ் ஃபாரஸ்ட் 28,605, மிட்செல் 24,124, ஓ'நீல் 6,421. தோற்ற இருவரையும் கூட்டுங்கள்: 30,545. ஆகஸ்டில் மிட்செல் தனியாக வாங்கியதைவிட 153தான் கூட. கத்தோலிக்க ஓட்டு அந்தத் தொகுதியில் ஒரு நிலையான கையிருப்பு. நிற்பவருக்கு அது போகும், அவ்வளவுதான்.

நன்னன்:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மாற்று ஆள் கண்முன் நின்றபோதும், முன்னாள் எம்.பி.யாகவே இருந்தும், ஐந்தில் நாலு பங்கு ஓட்டு சிறையில் இருந்தவருக்குத்தான் போனது. "வேறு ஆள் இல்லை" என்ற வாதம் இங்கேயே முடிந்துவிட்டது.

கொற்கை:
அதை ஏற்கலாம், 1956 மே வரைக்கும். அப்போது தாக்குதல் தொடங்கவே இல்லை. தொடங்கி ஏறக்குறைய மூன்றாண்டு ஆனபின், 1959 பொதுத்தேர்தலில், மிட்செலுக்கு 14,170. சின் ஃபெய்னின் மொத்தம் 63,415. துப்பாக்கியைப் பார்த்தபின் மக்கள் சொன்னது இது.

நன்னன்:
விசாரணையில்லாக் காவலில் ஆட்கள் அடைபட்டிருந்த காலத்துத் தேர்தல் அது. பிரசாரம் செய்ய ஆளில்லாத கட்சியின் ஓட்டு குறையாமல் என்ன செய்யும்?

கொற்கை:
1955இலும் வேட்பாளரே சிறையில்தான் இருந்தார். 1962 பிப்ரவரியில் ஆயுதத்தைக் கீழே வைத்தபோது வந்த அறிக்கை, மக்களின் மனப்போக்கையே முக்கியக் காரணமாகச் சொன்னது. மக்கள் ஆதரவு என்ற ஆணை கையில் இருந்திருந்தால் அப்படி எழுத வேண்டியிருந்திருக்காது.

பனையோலை:
மிட்செலைத் தடுத்த விதி பிறகு இல்லாமல் போனதையும் பாருங்கள். 1967இல் பெருங்குற்றம், சிறுகுற்றம் என்ற பாகுபாட்டையே எடுத்துவிட்டார்கள், 1870 விதியும் கூடவே செயலிழந்தது. 1981இல் ஐ.ஆர்.ஏ. கைதி பாபி சாண்ட்ஸ் உண்ணாவிரதம் இருந்தபடியே சிறையிலிருந்து நின்று ஜெயித்தது அந்த இடைவெளியில்தான். அவர் இறந்த சில வாரங்களில் புதுச் சட்டம் போட்டு அதை அடைத்தார்கள்: ஓராண்டுக்கு மேல் தண்டனை அனுபவிப்பவரின் வேட்புமனுவே செல்லாது. மிட்செலுக்கு நடந்தது போல, சிறையிலிருந்து நின்று ஜெயித்தபின் இடம் பறிபோகும் நிலைக்கே இப்போது வழியில்லை.