ஜூன் விஎச்எஃப் போட்டி: கிரிட் வராத எஃப்டி8 தொடர்புகளைப் பதிவேட்டில் சேர்க்கலாமா?

எடிசன்வாசி:
வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். டெக்னீஷியன் என்னும் தொடக்கநிலை அமெச்சூர் வானொலி உரிமம், கிரிட் (உலகைப் பிரித்த பகுதிகளில் என் இருப்பிடத்தின் குறியீடு) எஃப்என்20. ஏஆர்ஆர்எல் (அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கம்) நடத்தும் ஜூன் விஎச்எஃப் (மிகை அதிர்வெண்) போட்டியில் முதல்முறையாகக் கலந்துகொண்டேன். 50 மெகாஹெர்ட்ஸில் எஃப்டி8 (கணினி வழியே குறுஞ்செய்தி பரிமாறும் முறை), 144-இலும் 440-இலும் காரில் உள்ள 50 வாட் எஃப்எம் கருவி.

எஃப்டி8-ஐ இயக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளைப் போட்டி முறையில்தான் வைத்திருந்தேன். ஆனாலும் சிலர் கிரிட் அனுப்பாமல் "மைனஸ் 12" என்று அலைவலிமையை மட்டும் அனுப்பி அழைத்தார்கள். பதிவுப் பெட்டியில் கிரிட் கட்டம் காலியாக நிற்கிறது. அழைப்புக்குறியை இணையத்தில் தேடினால் அவர்களுடைய கிரிட் கிடைத்துவிடும். அதை எடுத்து நிரப்பி அனுப்பலாமா?

இன்னொன்று. இணைய அரட்டை அறையில் "50.313-இல் இருக்கிறேன், கூப்பிடுங்கள்" என்று நான் எழுதியது போட்டித் தர்மத்துக்கு விரோதம் என்கிறார் எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர். இளைஞர்கள் இல்லை என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

ஆறுமீட்டர்:
இணையத்திலிருந்து நிரப்பாதீர்கள். இந்தப் போட்டியில் பரிமாறவேண்டியதே நான்கு எழுத்துக் கிரிட் ஒன்றுதான். அலைவலிமை கட்டாயம் இல்லை. அவர்கள் உங்களுக்குக் கட்டாயம் இல்லாததைக் கொடுத்து, கட்டாயமானதை விட்டுவிட்டார்கள்.

அவர்கள் போட்டி முறையை இயக்காமல் சாதாரண முறையில் இருந்திருக்கிறார்கள். அந்த முறையிலும் முதல் செய்தியில் கிரிட் போகும். நேரம் மிச்சம் பிடிக்க அதைத் தாண்டி இரண்டாம் செய்தியிலிருந்து தொடங்குவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. உங்கள் அழைப்பில் எஃப்என்20 இருந்ததால் அவர்களுக்கு உங்கள் கிரிட் கிடைத்துவிட்டது. அடுத்த முறை இப்படி நடந்தால் 73 (விடைபெறும் குறியீடு) அனுப்பி முடித்துவிடாதீர்கள். 13 எழுத்துக்குள் தனிச்செய்தி அனுப்பலாம், அதில் கிரிட்டைக் கேளுங்கள். பதினைந்து வினாடிச் சுற்று ஒன்றிரண்டு செலவாகும், அவ்வளவுதான்.

அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மென்பொருள் கேட்ட ஒவ்வொரு வரியையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும். அதே நிலையம் அன்று பொது அழைப்பு விடுத்தது அதில் இருந்தால் கிரிட்டும் கூடவே இருக்கும். உங்கள் ஆன்டெனாவில் வந்ததுதானே?

மோர்ஸ்பிரியர்:
தம்பி, ஆறுமீட்டர் கடைசியாகச் சொன்னதை ஏற்கமுடியாது. போட்டி முடிந்தபின் தரவுத்தளம், ஒலிப்பதிவு, மின்னஞ்சல் எதைக் கொண்டும் அழைப்புக்குறியையோ பரிமாற்றத்தையோ திருத்தக்கூடாது என்பது விதி. அந்தக் கோப்பும் ஒரு பதிவுதான். போட்டி நேரத்தில் திரையில் பார்த்து எழுதியிருந்தால் சரி. இப்போது தோண்டியெடுத்தால் சரியில்லை. நான்கைந்து தொடர்பு போனால் போகட்டும்.

அரட்டை அறை விஷயத்தில் உங்கள் பெரியவரின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் விதி அவர் பக்கம் இல்லை. 2015 முதல் விஎச்எஃப் போட்டிகளில் பிறர் உதவியும், தன் அலைவரிசையைத் தானே அறிவிப்பதும் அனுமதிக்கப்பட்டுவிட்டன. அழைப்புக்குறியும் கிரிட்டும் மட்டும் வானொலி வழியே போய்வரவேண்டும். அரட்டையில் "கிடைத்தது" என்று எழுதி முடித்துக்கொள்வது தொடர்பே ஆகாது.

என் ஆதங்கம் வேறு. எந்த முறையில் பேசினாலும் ஒரு நிலையத்தை ஓர் அலைப்பட்டையில் ஒருமுறைதான் கணக்கில் எடுப்பார்கள். 50.313-இல் எஃப்டி8-இல் பிடித்துவிட்ட ஆளுக்கு 50.125 பக்கம் வந்து குரலில் பேச என்ன அவசியம்? அலைகள் தொலைதூரம் எட்டி வாசலே திறந்துகிடக்கும் நேரத்தில், காதைக் கிழிக்கும் அலைவலிமையில்கூட எல்லோரும் அந்த மூன்று கிலோஹெர்ட்ஸுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள்.

ஆறுமீட்டர்:
கோப்பு விஷயத்தில் ஐயா சொல்வது சரிதான், என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் எஃப்டி8-ஐ ஒரேயடியாகத் திட்டவேண்டாம். 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் அதைக் கொண்டுவருவதற்கு முன் மாடிக் கைப்பிடியில் கம்பி கட்டியவர்களுக்கு இந்தப் போட்டியில் என்ன கிடைத்தது? முறைக்கு ஒரு தொடர்பு என்று விதியை மாற்றினால் சிக்கல் தீரும் என்பது என் கட்சி.

மோர்ஸ்பிரியர்:
மாற்றினால் பட்டியலில் இருக்கும் அதே ஆட்களை மூன்று தடவை கூப்பிட்டு எண்ணிக்கையை ஊதுவார்கள். புது ஆள் ஒருவர்கூட வரமாட்டார்.

நாற்சந்தி:
இருவரும் இதை ஏற்கெனவே பலமுறை பேசிவிட்டீர்கள். எடிசன்வாசிக்கு உதவுவோம்.

நண்பரே, எந்தப் பிரிவில் அனுப்பப்போகிறீர்கள்? எஃப்டி8 கலந்துவிட்டதால் எஃப்எம் மட்டும் பிரிவு ஆகாது. தனிநபர் மூன்று அலைப்பட்டைப் பிரிவைப் பாருங்கள்: 50, 144, 432 (நீங்கள் 440 என்றது இதுதான்). முதல் இரண்டில் 100 வாட், 432-இல் 50 வாட் வரம்பு. உங்கள் கருவிக்குத் தைத்த சட்டை.

எஃப்எம் தொடர்புகளைச் சில்லறை என்று ஒதுக்காதீர்கள். 50-இல் 20 தொடர்பு, 12 கிரிட். 144-இல் 10 தொடர்பு, 3 கிரிட். 432-இல் 8 தொடர்பு, 3 கிரிட் என்று வைத்துக்கொள்வோம். 432-இல் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. ஆக 46 புள்ளி, 18 கிரிட், பெருக்கினால் 828. ஒரே கிரிட் ஒவ்வோர் அலைப்பட்டையிலும் புதிதாக எண்ணப்படும். ரிப்பீட்டர் (வாங்கி மறுஒலிபரப்பும் நிலையம்) வழியே பேசியது எதுவும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

செப்டம்பர் போட்டியில் கோடைக்கால ஆறு மீட்டர் (50 மெகாஹெர்ட்ஸ்) திறப்பை நம்பமுடியாது. 144-இல் எஸ்எஸ்பி என்னும் தொலைதூரக் குரல் முறைக்கு வாருங்கள். எஃப்எம்முக்கு நிமிர்ந்த ஆன்டெனா, எஸ்எஸ்பிக்குப் படுத்த ஆன்டெனா. மாற்றிப் பிடித்தால் 20 டெசிபல் அளவுக்கு இழப்பு, 144.200-இல் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. இன்னொரு வசதி: 41 பாகை வடக்கும் 74 பாகை மேற்கும் வெட்டும் இடம் நியூயார்க் எல்லையை ஒட்டி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. எஃப்என்20, 21, 30, 31 நான்கும் அங்கே சந்திக்கின்றன. ரோவராக (கிரிட் விட்டு கிரிட் நகர்ந்து பேசும் நிலையமாக) காரில் சுற்றினால், கிரிட் மாறும்போதெல்லாம் அதே நிலையங்களை மறுபடி கூப்பிடலாம்.

எடிசன்வாசி:
மிக்க நன்றி. கிரிட் இல்லாதவற்றை நீக்கிவிட்டு மூன்று அலைப்பட்டைப் பிரிவில் அனுப்புகிறேன். நாற்சந்தி அவர்களே, செப்டம்பரில் ரோவராகப் போனால் கார் கூரையில் படுத்த ஆன்டெனா எதை வைக்கலாம்? ஓடும்போதும் தாங்கவேண்டும்.

நாற்சந்தி:
ஹாலோ என்னும் வளைய ஆன்டெனா போதும். திருப்பவேண்டிய வேலை இல்லை. நின்று பேசும் இடத்துக்குக் கழற்றி மாட்டும் சிறு யாகி (ஒருதிசை ஆன்டெனா) ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.