ஏப்ரல் 23: ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் ஒரே நாளிலா இறந்தார்கள்? நாள்பக்கத்தில் எந்தத் தேதியைப் போடுவது?

மைக்கூடு:
‘வரலாற்றில் இன்று’ தொகுப்பில் ஏப்ரல் 23 பக்கத்தை நேற்று ஏற்றினேன். முதல் வரி இது: ‘1616: வில்லியம் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் மிகெல் தெ செர்வான்டிஸும் ஒரே நாளில் காலமானார்கள். அதனால்தான் இது உலகப் புத்தக நாள்.’ ஓலைச்சுவடி வந்து அந்த வரியை அப்படியே அடித்துவிட்டார். போகிற போக்கில் 1967 சோவியத் விண்வெளி வீரர் கொமரோவ் மரணம், 1891 ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் பிறப்பு இரண்டையும் தூக்கிவிட்டார். யுனெஸ்கோ 1995இல் இந்த நாளைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அந்த மரணங்கள்தானே? ஊரறிந்த தகவலை ஒரு சொடுக்கில் நீக்கினால் எப்படி? காரணம் சொல்லுங்கள்.

ஓலைச்சுவடி:
சொல்கிறேன். முதல் வரியில் மட்டும் இரண்டு பிழை.

ஒன்று, நாட்காட்டி. ஸ்பெயின் 1582லேயே, இன்று நாம் புழங்கும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அங்கே அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. 1616இல் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏப்ரல் 23 என்றால் அதே பொழுதில் மாட்ரிடில் மே 3. ஒரே தேதி உண்டு, ஒரே நாள் இல்லை.

நம்ப முடியாவிட்டால் கிழமையை வைத்துப் பாருங்கள். கிரிகோரியன் நாட்காட்டியில் 400 ஆண்டுக்கு 146097 நாள். அது 7ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 400 ஆண்டு தள்ளினால் கிழமை அப்படியே திரும்பும். 1616க்கு 2016 காலண்டரை எடுங்கள். ஏப்ரல் 23 சனிக்கிழமை. அது மாட்ரிடின் 23. ஷேக்ஸ்பியரின் 23க்குப் பத்தைக் கூட்டினால் மே 3, செவ்வாய்க்கிழமை. சனியும் செவ்வாயும் எப்படி ஒரே நாளாகும்?

இரண்டு, செர்வான்டிஸ் இறந்ததே 22 அன்று, வெள்ளிக்கிழமை. இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பது அதைத்தான். மாட்ரிடில் சான் செபாஸ்தியான் பங்குத் தேவாலயப் பதிவேட்டில் 23 என்று இருப்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்துப் பதிவேடுகளில் அடக்கம் செய்த நாளைப் போடுவதே வழக்கம். நீங்கள் பதிவேட்டின் தேதியை எடுத்து ‘காலமானார்’ என்ற வினையோடு ஒட்டிவிட்டீர்கள்.

மைக்கூடு:
சரி, அடக்கம் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷேக்ஸ்பியரை ஏன் இந்தப் பக்கத்திலிருந்தே துரத்த வேண்டும்? உங்கள் கணக்குப்படி அவரை மே 3 பக்கத்தில் போட வேண்டும். அங்கே போய் யார் தேடுவார்கள்? ஸ்ட்ராட்ஃபோர்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் உள்ள அவர் நினைவுச் சின்னத்திலேயே 1616, ஏப்ரல் 23 என்று வெட்டியிருக்கிறது. கல்லில் இருப்பதை மாற்ற நமக்கு என்ன உரிமை?

ஓலைச்சுவடி:
மே 3க்குப் போடச் சொல்லவே இல்லை. ‘ஒரே நாளில்’ என்பதைத்தான் அடித்தேன். வரி முழுசாகப் போனது என் அவசரம், திருப்பிப் போடுகிறேன். இங்கிலாந்தில் 1752க்கு முன் நடந்தவற்றுக்கு ஜூலியன் நாளையே வைப்பதுதான் வரலாற்று நூல்களின் வழக்கம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் முடிசூடிய 1661 ஏப்ரல் 23உம் ஜூலியன் தேதிதான், அதையும் யாரும் நகர்த்துவதில்லை. எதிர்ப்பு ஒப்பீட்டுக்குத்தான். இரண்டு வெவ்வேறு நாட்காட்டியின் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஆஹா, என்ன பொருத்தம்’ என்று வியப்பது தப்பு.

இதே ரகத்தில் இன்னொன்று சுற்றுகிறது: ‘கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்.’ கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 கிரிகோரியன். நியூட்டன் பிறந்த 1642 டிசம்பர் 25 ஜூலியன். இருவரையும் கிரிகோரியனில் வைத்தால் நியூட்டன் 1643 ஜனவரி 4க்குப் போகிறார். இருவரையும் ஜூலியனில் வைத்தால் கலிலியோ 1641 டிசம்பர் 29க்குப் போகிறார். எப்படி வைத்தாலும் ஆண்டு ஒன்றாகாது.

நாழிகை:
கொமரோவை நீக்கியது நான்தான், சுவடியாரைத் திட்டாதீங்க. அவர் போன விண்கலம் சோயுஸ் 1 பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பினது 1967 ஏப்ரல் 23, மாஸ்கோ நேரம் அதிகாலை 3:35. ஒரு சூரியத் தகடு விரியல, மின்சாரம் போதல, துணைக்கு வரவேண்டிய சோயுஸ் 2 ரத்தாச்சு. இறங்கும்போது முதன்மைப் பாராசூட் விரியாம, மாற்றுப் பாராசூட் சிக்கிக்கிட்டு ஓர்ஸ்க் பக்கம் தரையில் மோதினது 24 காலையில். ஆக 23இல் ‘சோயுஸ் 1 ஏவப்பட்டது’, 24இல் ‘கொமரோவ் உயிரிழந்தார்’. ஒரு நிகழ்வு ரெண்டு நாள் நீண்டா எந்த வினைச்சொல் எந்த நாளுக்குன்னு பிரிச்சு எழுதணும்.

மைக்கூடு:
இது நியாயம். புரோகோஃபியெவ்? அவரே தன் பிறந்தநாளை 23 என்றுதான் நம்பினார்.

ஓலைச்சுவடி:
நம்பினார். 1891 ஏப்ரல் 11 பழைய (ஜூலியன்) கணக்கு, 12 கூட்டினால் 23. அவர் இறந்த பிறகு கிடைத்த பிறப்புச் சான்றில் இருப்பதோ ஏப்ரல் 15. 12 கூட்டினால் 27. கூட்டல் சரி, மூலத் தேதிதான் தவறு. அவர் 27 பக்கத்துக்குப் போக வேண்டும்.

ரஷ்ய நபர்களில் கூட்டலே தப்பாகிற இடம் வேறு. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 13 கூட்டுகிறார்கள். இடைவெளி அந்தந்த நிகழ்வின் காலத்தைப் பொறுத்தது: 1582 முதல் 1700 பிப்ரவரி வரை 10, பிறகு 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதன்பின் 13. 1700, 1800, 1900 மூன்றும் ஜூலியனில் லீப் ஆண்டு, கிரிகோரியனில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூடும். 1600 இரண்டிலும் லீப், அதனால் அங்கே கூடவில்லை. கவிஞர் புஷ்கின் 1799 மே 26இல் பிறந்தார், 11 கூட்டி ஜூன் 6. அவரே இறந்தது 1837 ஜனவரி 29, அதற்கு 12 கூட்டி பிப்ரவரி 10. ஒரே ஆளுக்கு இரண்டு கூட்டல்.

மைக்கூடு:
இங்கேதான் இடிக்கிறது. ரஷ்யாக்காரரை மாற்றி எழுதுவீர்கள், இங்கிலாந்துக்காரரை மாற்ற மாட்டீர்கள். ஒரே பக்கத்தில் ஆளுக்கொரு நீதியா? ஒன்று எல்லாரையும் மாற்றுங்கள், இல்லை யாரையும் மாற்றாதீர்கள்.

ஓலைச்சுவடி:
எல்லாரையும் மாற்றினால் 1014 குளோன்டார்ஃப் போர் என்ன ஆகும்? அயர்லாந்தில் மன்னர் பிரையன் போரு கொல்லப்பட்ட அந்தப் போர் ஏப்ரல் 23, புனித வெள்ளி. கிரிகோரியனைப் பின்னோக்கி நீட்டினால் ஏப்ரல் 29. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 25. ஈஸ்டருக்குப் பிறகு புனித வெள்ளி வருவதாக வாசகர் படிப்பார். யாரையும் மாற்றாவிட்டால் அக்டோபர் புரட்சி அக்டோபர் 25இல் உட்காரும். சோவியத் காலம் முழுக்க அதைக் கொண்டாடியது நவம்பர் 7இல். இரண்டு பக்கமும் அடி விழும். அந்தந்த நாட்டு வரலாற்றெழுத்து எதை வைத்திருக்கிறதோ அதை வைத்து, பக்கத்தில் ‘ஜூலியன்’ என்று ஒரு சொல் போடுவதே வழி. அழகான விதி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஓடுகிற விதி.

மைக்கூடு:
‘ஓடுகிற விதி’ என்றால் புதிதாகத் தொகுக்க வருகிறவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்? உங்களைக் கேட்டா?

ஓலைச்சுவடி:
கேட்க வேண்டாம், இந்த வரிசையில் பார்த்தால் போதும். முதலில் நிகழ்ந்த இடம். ஆள் எந்த நாட்டவர் என்பது பொருட்டில்லை. அடுத்து அந்த இடம் எந்த ஆண்டு மாறியது: ஸ்பெயின், போர்த்துகல் 1582, பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752, ரஷ்யா 1918, கிரீஸ் 1923. மூன்றாவது, மூலத்தில் கிழமை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன 400 ஆண்டுக் கணக்கைப் போட்டால் ஏற்கெனவே மாற்றிய தேதியா, மாற்றாததா என்று தெரிந்துவிடும். இரண்டு முறை கூட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. ஒருவர் மாற்றிப் போட்டதை ‘பழைய தேதி’ என்று நினைத்து இன்னொருவர் மறுபடி மாற்றுவார். கடைசியாக, இங்கிலாந்தில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை விழும் தேதி என்றால் ஆண்டையும் பாருங்கள். 1752க்கு முன் அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டது நமக்கு 1649 ஜனவரி 30, அன்றைய ஆவணத்தில் 1648. ஏப்ரல் 23க்கு இந்தத் தலைவலி இல்லை.

செங்காந்தள்:
நிகழ்வுக்கே இவ்வளவு சண்டை என்றால், அனுசரிப்பு நாள்களை யாரும் பார்க்கவில்லையா? மைக்கூட்டின் ‘அதனால்தான் உலகப் புத்தக நாள்’ என்பது பாதிக் கதை. ஸ்பெயினில் புத்தக நாளை முன்மொழிந்தவர் விசென்டே கிளாவெல் என்ற பதிப்பாளர். 1926இல் முதலில் கொண்டாடியது அக்டோபர் 7இல், செர்வான்டிஸ் பிறந்தநாள் என்று எண்ணி. 1930இல்தான் ஏப்ரல் 23க்கு மாற்றினார்கள். கட்டலோனியாவில் அன்று சான் ஜோர்டி, அதாவது புனித ஜார்ஜ் நாள். ரோஜா கொடுக்கும் வழக்கம் முன்பே உண்டு, புத்தகம் அதோடு வந்து சேர்ந்தது. யுனெஸ்கோ 1995இல் வந்தது அதற்கெல்லாம் பிறகு. அப்போது அது சொன்ன மூன்றாவது பெயரான பெரு எழுத்தாளர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகாவை உங்கள் வரி விட்டேவிட்டது.

இன்னொன்று: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உலகப் புத்தக நாள் மார்ச் முதல் வியாழன். ‘உலகமெங்கும் ஏப்ரல் 23’ என்று எழுதினால் ஷேக்ஸ்பியரின் சொந்த நாடே உதைக்கும்.

நாழிகை:
புனித ஜார்ஜ் நாளும் நிலையா நிக்காதே?

செங்காந்தள்:
நிற்காது. 23 ஈஸ்டருக்கு முந்தைய வாரத்திலோ அடுத்த வாரத்திலோ விழுந்தால் இங்கிலாந்துத் திருச்சபை அதைத் தள்ளிவைக்கும். 2025இல் ஈஸ்டர் ஏப்ரல் 20, அதனால் திருநாள் ஏப்ரல் 28 திங்களுக்குப் போனது. செர்பியாவில் அதே ஜூலியன் 23 இன்றைக்கு மே 6இல் வருகிறது. இங்கே 13 கூட்டுவது சரி. நடந்து முடிந்த நிகழ்வு இல்லை, இன்றும் ஜூலியனில் ஓடுகிற திருநாள். எனவே ‘ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாள்’ என்று மொட்டையாக விடாமல் எந்தச் சபை, எந்த நாடு என்று சேருங்கள்.

துருக்கி வரியை மட்டும் தொடாதீர்கள், அது சரி. அங்காராவில் பெருந்தேசிய மன்றம் கூடிய நாள் அவர்கள் ஆவணத்தில் 1336 நிசான் (ஏப்ரல்) 23. நிசானுக்கும் 13 கூட்ட யாராவது கை நீட்டுவார்கள், வேண்டாம். ஒட்டோமான் ரூமி நாட்காட்டி 1917லேயே நாள் கணக்கைக் கிரிகோரியனோடு சேர்த்துவிட்டது. ஆண்டு எண் மட்டும் 584 பின்தங்கியிருந்தது. 1336 + 584 = 1920. ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை. 1917க்கு முந்தையது என்றால் கூட்டத்தான் வேண்டும்: இஸ்தான்புலில் 1909இல் நடந்த ‘மார்ச் 31 கலகம்’ நமக்கு ஏப்ரல் 13.

கங்குல்:
1616க்கே இருபது பதிவு போட்டாச்சு. 1930 ஏப்ரல் 23 பெஷாவர் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் பிரிட்டிஷ் படை நடத்திய துப்பாக்கிச்சூடு ஒரே வரியில், அதுவும் ‘400 பேர் பலி’ என்று ஒற்றை எண்ணோடு கிடக்கிறது. அரசு சொன்ன எண் இதில் சிறு பகுதிதான். ஒன்றை மட்டும் போட்டால் அது தகவல் இல்லை, கட்சி கட்டுவது. இரண்டையும் போட்டு யார் சொன்னது என்று எழுதுங்கள். சந்திர சிங் கர்வாலி தலைமையில் ராயல் கர்வால் ரைபிள்ஸ் வீரர்கள் நிராயுதபாணிகளைச் சுட மறுத்ததும் அதே நாள்தான். அது பக்கத்தில் எங்கே?

கீழே ‘தேசிய ஊராட்சி நாள்’ என்று வேறு இருக்கிறது. அது 24. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. பக்கத்து நாள் வழுக்கி வந்து விழுந்திருக்கிறது.

மைக்கூடு:
ஊராட்சி நாளை எடுத்துவிட்டேன். பெஷாவரை விரித்து எழுதுகிறேன். நாழிகை, யூடியூபின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 என்று போட்டிருக்கிறேன். அதிலும் வில்லங்கம் உண்டா?

நாழிகை:
உண்டு. உலகப் பொது நேரப்படி (UTC) அது ஏறினது 24 அதிகாலை மூன்றரை மணி வாக்கில். கலிபோர்னியாவில் அப்போ 23 இரவு எட்டரை. இடத்து நேரம்னா 23, பொது நேரம்னா 24. என் ஓட்டு 24க்கு. இணையத்தில் ஏறினதுக்கு ஏது ‘இடம்’?

ஓலைச்சுவடி:
இடம் இல்லாமல் எப்படி? ஏற்றிய ஆள் ஒரு ஊரில் இருந்தாரே. சோயுஸ் கிளம்பியபோது நியூயார்க்கில் 22 மாலை, அதை யாரும் 22இல் போடவில்லை. 23 இருக்கட்டும்.

நாழிகை:
சோயுஸுக்கு ஏவுதளம் இருந்தது. சர்வர் எந்த ஊர்ல இருந்ததுன்னு நீங்க சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

மைக்கூடு:
அதை நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள். அதுவரை வரி இப்படி: ‘2005, கலிபோர்னியா நேரப்படி.’ 1616க்கு இப்போது போட்டிருப்பது: ‘வில்லியம் ஷேக்ஸ்பியர் காலமானார் (ஜூலியன்). மாட்ரிடில் மிகெல் தெ செர்வான்டிஸ் அடக்கம் (கிரிகோரியன், இறப்பு 22).’ கார்சிலாசோவுக்குத் தனி வரி. 1564இல் ஷேக்ஸ்பியர் பிறப்பு என்று வைத்திருந்ததையும் தூக்கிவிட்டேன். திருமுழுக்கு ஏப்ரல் 26 என்பதற்குத்தான் பதிவேடு இருக்கிறது.

ஓலைச்சுவடி:
பிறப்பைத் தூக்க வேண்டாம், ‘மரபாக’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். அந்த நினைவுச் சின்னமே இறக்கும்போது 53ஆம் வயது நடந்தது என்கிறது. அப்படியானால் 23க்குள் பிறந்திருக்க வேண்டும். 24, 25 அடிபட்டுப் போகிறது.