கொலோன் கார்னிவல் ஊர்வலம்: அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

வெண்ணாற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் நமக்கு. தம்பி ஜெர்மனில ஆகன்ல படிக்கிறான். இந்த சம்பாவுக்கு உளுந்து தெளிச்சு அறுவடையும் முடிச்சுட்டு பிப்ரவரி முதல் வாரம் நானும் அம்மாவும் கெளம்பலாம்னு இருக்கோம். 2027ல பிப்ரவரி 8 திங்கக்கிழமை கொலோன்ல கார்னிவல் பெரிய ஊர்வலம்னு தம்பி சொல்றான், அம்மாவுக்கு பாக்கணும்னு ஒரே ஆசை. வயசு எழுபதை நெருங்குது, சுகர் இருக்கு, ஆனா நல்லா நடப்பாங்க, திருவாரூர் தேருக்கு வருஷம் தவறாம போய் வெயில்ல நின்னு வடத்தை தொட்டு கும்பிட்டுட்டு வர ஆளு. குளிரும் குடிகாரங்களும்தான் எனக்கு பயமே. போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

குடந்தைக்காரன்:
தாராளமா கூட்டிட்டு போங்க அண்ணே. நான் கொலோன்லயே வேலை பாத்தவன். ஆனா எந்த நாள், எந்த இடம்னு பாத்து போகணும், அதுலதான் எல்லாமே இருக்கு.

தெருக் கொண்டாட்டம் அதுக்கு முந்தின வியாழக்கிழமை காலைல 11 மணி 11 நிமிஷத்துக்கு பழைய சந்தை சதுக்கத்துல ஆரம்பிக்கும், அது பொம்பளைங்க நாள், டை கட்டிட்டு எவனாவது போனா கத்தரிக்கோலால வெட்டி எடுத்துட்டு கன்னத்துல ஒரு முத்தம் குடுத்து அனுப்புவாங்க, யாரும் கோவப்பட மாட்டாங்க. அன்னைக்கு சுல்பிஷர் தெரு பக்கம் மட்டும் அம்மாவை கூட்டிட்டு போய்டாதீங்க, காலைலேர்ந்தே காலேஜ் பசங்க குடிச்சுட்டு நெரிசலா இருக்கும்.

திங்கக்கிழமை ஊர்வலம் 1823லேர்ந்து நடக்குது. தெற்கு கோட்டைவாசல் பக்கம் கெளம்பி ஊருக்குள்ள 7 கிலோமீட்டருக்கு மேல போகும், ஒரு எடத்துல நின்னா முழுசா கடந்து போகவே மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். வண்டி மேலேர்ந்து மிட்டாய், சாக்லேட், பூங்கொத்துன்னு டன் கணக்குல வீசுவாங்க. 'கமெல்லே'ன்னு கத்துனாதான் நம்ம பக்கம் வீசுவாங்க, வாயை மூடிட்டு நின்னா ஒண்ணும் கெடைக்காது. சனம் குடையை தலைகீழா விரிச்சு பிடிச்சு ரொப்பிக்கும். கடைசி வண்டிலதான் கார்னிவல் இளவரசர் வேஷக்காரர் வருவார், அவருக்கு முன்னாடி குடியானவர் வேஷமும் கன்னிப்பெண் வேஷமும் உண்டு, அந்த கன்னிப்பெண் வேஷமும் ஆம்பளைதான் கட்டணும்னு மரபு. நாஜிக்காரங்க 1938, 1939ல பொம்பளைங்களைத்தான் போடணும்னு மாத்துனாங்க, போருக்கு அப்புறம் திரும்ப பழையபடி ஆயிடுச்சு. அந்த ஊருக்காரங்க இந்த மரபை விட்டுக்குடுக்காம வச்சிருக்கறது எனக்கு ரொம்ப பிடிக்கும்.

உக்காந்து பாக்க காலரி போட்டு டிக்கெட் விப்பாங்க, சீக்கிரமே தம்பியை வாங்க சொல்லுங்க. அன்னைக்கு கடை பெரும்பாலும் பூட்டி கெடக்கும், சுகர் மாத்திரை, சாப்பாடு எல்லாம் கையோட எடுத்துக்கோங்க.

ஐயாறு அக்கா:
தம்பி சொன்னதெல்லாம் சரிதான். ஆனா என்னைக் கேட்டா அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை ஊர்வலம்தான். அது பள்ளிக்கூட புள்ளைங்களும் ஒவ்வொரு தெரு, பேட்டைக்காரங்களும் சேந்து நடத்துறது. பெரிய வண்டி ஜோடனை கம்மி, ஆனா ஒவ்வொரு கூட்டமும் வருஷம் பூரா ஒக்காந்து அவங்களே தைச்ச உடுப்பு, அட்டைல ஒட்டின தொப்பின்னு கைவேலை அவ்வளவு அழகா இருக்கும். அதுல நல்லா பண்ணவங்களை மறுநாள் பெரிய ஊர்வலத்துலயும் சேத்துப்பாங்க. பாக்க வரவங்களும் குடும்பம் குடும்பமாத்தான் வருவாங்க, தள்ளுமுள்ளு கம்மி. எங்க மாமியாரை அங்கதான் நிக்க வச்சேன், ஒரு சின்ன பொண்ணு வரிசைய விட்டு ஓடி வந்து அவங்க கைல ரெண்டு துலிப் பூவை திணிச்சுட்டு ஓடிடுச்சு, அவங்க அதை மடில வச்சுக்கிட்டே ட்ரெயின்ல வந்தாங்க.

குளிருக்கு உள்ள தெர்மல், ரெண்டு சாக்ஸ், மேல மழைக்கோட்டு. வேஷம் போடாம போனா நாம மட்டும் தனியா தெரிவோம், சிவப்பு வெள்ளை கோடு போட்ட ஸ்கார்ஃப் ஒண்ணு சுத்தி கன்னத்துல சிவப்பா ரெண்டு பொட்டு வச்சா போதும், அந்த ஊர் நெறம் அதுதான். கண்ணாடி பாட்டில் கொண்டு போகாதீங்க, முக்கியமான கொண்டாட்ட எடங்கள்ல தடை.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி தம்பி. அப்ப ஞாயிறுதான். செவ்வாக்கிழமை ராத்திரி ஏதோ பொம்மை எரிப்பாங்களாமே, அது என்ன?

குடந்தைக்காரன்:
அதுக்கு நுபல்னு பேர் அண்ணே. வைக்கோல் பொம்மை, கார்னிவல் நாள் பூரா பாருக்கு மேல தொங்கிட்டு இருக்கும். செவ்வாய் ராத்திரி அதை எறக்கி, குடிச்சது, காசை தொலைச்சது, எல்லா பாவத்துக்கும் நீதான் காரணம்னு கூட்டம் குத்தம் சொல்லி ஒப்பாரி வச்சு எரிச்சுடும். மழை பொய்ச்சா நம்ம பக்கம் கொடும்பாவி கட்டி இழுத்துட்டு மாரடிச்சுட்டு போவாங்கள்ல, அதைப் பாத்தவங்களுக்கு வெளக்கமே தேவை இல்ல. ஆனா நள்ளிரவு ஆகும், அம்மாவுக்கு வேணாம். மறுநாள் கிறிஸ்தவங்களோட தவக்காலம் ஆரம்பிக்கற சாம்பல் புதன், மீன் சாப்புட்டு முடிச்சுப்பாங்க.

ஐயாறு அக்கா:
இன்னொண்ணு, ஆகன்லயே திங்கக்கிழமை தனி ஊர்வலம் இருக்கு. ஞாயிறு கொலோன் போய்ட்டு வந்துருங்க, ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான். மறுநாள் தம்பி வீட்டுலேர்ந்து நடந்தோ பஸ்லயோ போய் பாத்துக்கலாம், அம்மாவுக்கு அசதியா இருந்தா பாதிலயே வீடு திரும்பிடலாம். ரெண்டு ஊர்லயும் கார்னிவல் வாழ்த்தா 'அலாஃப்'னுதான் கத்தணும், டுசல்டார்ஃப்காரங்க சொல்ற 'ஹெலாவ்' இங்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லி வைங்க.