கூட்டாளியோட சிங்கப்பூர், மலேசியா போக யோசிக்கிறம். அலையாம வசதியாப் போய்வர வழி சொல்லுங்க

கல்லடி டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு கல்லடி. பென்சன் எடுத்து ஒரு வருசம் ஆகுது. என்ட கூட்டாளி களுவாஞ்சிகுடியில இருக்கா, ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்ல 19 வருசம் ஒண்டாப் படிப்பிச்சம். பென்சன் எடுத்தா ஒரு பயணம் ஒண்டாப் போறது எண்டு ஸ்டாஃப் ரூம்ல இருந்து கதைச்சது, அதுக்கெண்டே சீட்டுப் பிடிச்சு இப்ப ஆளுக்கு அஞ்சு லட்சம் மட்டில கையில இருக்கு. சிங்கப்பூரும் மலேசியாவும் பார்க்க ஆசை.

பிரச்சினை என்னெண்டா வீட்டுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை. என்ட மகன் சொல்றான் அம்மா ஹொட்டல் எண்டது இரவைக்குப் படுக்கிறதுக்கு மட்டும்தானே, அதுக்கு ஏன் காசக் கொட்டுறீங்க, மலிவு ரூம் எடுங்க, மலிவு பிளைட் எடுங்க, அந்தக் காசில இன்னும் ரெண்டு ஊர் கூடப் பார்க்கலாம் எண்டு. அவன் சொல்றதும் அவன்ட வயசுக்குச் சரிதான். ஆனா நான் ஏழு வருசத்துக்கு முதல் ஒரு குழுவோட இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போனன், ஒம்பது நாளில பதினாலு கோயில், விடிய மூண்டரைக்கு ஒழும்பி இரவு பதினொண்டுக்கு ரூம் வருவம், அந்த ரூமும் மூண்டாம் மாடி லிப்ட் இல்ல. கோயிலுக்குள்ள நிண்ட நேரத்தவிட பஸ்ஸுக்குள்ள இருந்த நேரம்தான் கூட. திரும்பி வரக்குள்ள முழங்கால் ரெண்டும் வீங்கி ஒரு மாசம் படுக்கை. எந்தக் கோயில்ல எந்தச் சாமியப் பார்த்த எண்டு கேட்டாக்கூட இப்ப எனக்குக் குழம்பும். மறுகா அப்பிடி ஒரு பயணம் எனக்கு வேணாம்.

வயசு எனக்கு 61, அவக்கு 60. எனக்கு முழங்கால், அவக்கு சீனி, ஊசி போடுறவ. ரெண்டு நாடும் போறதா ஒண்டு போதுமா? ரெண்டு பேருக்கும் ஒரு ரூமா ரெண்டு ரூமா? மட்டக்களப்பில இருந்து கட்டுநாயக்க போறதே ஒரு பெரிய பயணம், அதை எப்பிடிச் செய்யிறது? போய்வந்த ஆக்கள் சொல்லுங்க.

வாவிக்கரை

டீச்சர், ஒரு நாடு போதும். ஒரு ஹொட்டல் போதும். அஞ்சு இரவோ ஆறு இரவோ ஒரே இடத்தில பெட்டியத் திறந்து அலுமாரியில உடுப்ப வைச்சிட்டு இருங்க. ஒவ்வொருக்கா ஹொட்டல் மாறக்குள்ளயும் அரை நாள் போகும், பெட்டி கட்டுறது, கணக்கு முடிக்கிறது, வாகனம் தேடுறது, மறுகா அங்க போய் ரூம் தருமட்டும் கீழ காத்துக்கொண்டிருக்கிறது. உங்கட முழங்காலுக்கு அது சரிவராது.

நான் சிங்கப்பூரச் சொல்லுவன். எங்கட பாஸ்போட்டுக்கு 30 நாள் வரைக்கும் விசா தேவையில்ல, போறதுக்கு மூண்டு நாளுக்குள்ள வருகை அட்டைய ஒன்லைன்ல நிரப்பினாச் சரி, அது சும்மா, காசு கேட்கிற வெப்சைட்டுக்குள்ள போயிடாதீங்க. பாஸ்போட் ஆறு மாசத்துக்குக் கூடச் செல்லுபடியா இருக்கோணும். கட்டுநாயக்கவில இருந்து நேரடி பிளைட் கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். நேரடியாவே போங்க. இன்னொரு எயார்போட்டில இறங்கி ஏறுற டிக்கெட் கொஞ்சம் குறைவா இருக்கும், ஆனா அந்த எயார்போட்டில நடக்கிற நடைக்கு அந்தக் காசு பத்தாது.

ஒண்டக் கட்டாயம் கவனிங்க. இரவு பிளைட் எடுத்தா விடியத்தான் போய் இறங்குவீங்க, அங்க நேரம் எங்களவிட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. ஹொட்டல்ல ரூம் குடுக்கிறது பின்னேரம் ரெண்டு மூண்டு மணிக்குத்தான். நித்திர முழிச்ச உடம்போட ஆறேழு மணித்தியாலம் லொபியில இருக்கிறது பெரிய தொல்லை. ஒண்டில் பகல் பிளைட் பாருங்க, இல்லாட்டி முதல் நாள் இரவுக்கும் சேர்த்து ரூம் புக் பண்ணிட்டு "விடியக் காலம வருவம்" எண்டு ஹொட்டலுக்கு ஈமெயில் போடுங்க. ஒரு இரவுக் காசு கூடப் போகும்தான். நான் அதை வீண் செலவு எண்டு ஒருநாளும் நினைக்கமாட்டன்.

மற்றது, சிங்கப்பூர் ஹொட்டல் விலைக்குப் பக்கத்தில ரெண்டு பிளஸ் அடையாளம் போட்டிருந்தா அதுக்குமேல 10 வீதம் சேவைக் கட்டணமும் 9 வீதம் ஜிஎஸ்டியும் வரும். 200 டொலர் எண்டு பார்த்தது 240 டொலர் அளவில வந்து நிற்கும். முழு விலையப் பார்த்துப் புக் பண்ணுங்க.

கல்முனைப் பொடியன்

டீச்சர் நான் கோலாலம்பூர்ல நாலு வருசம் இருந்த ஆள், அதனால மலேசியாவுக்காகக் கொஞ்சம் கதைக்கோணும். வசதிதான் வேணும் எண்டா அதே காசுக்கு மலேசியாவில கிடைக்கிற ரூம் வேற. சிங்கப்பூர்ல நல்லதா ஒரு சின்ன ரூம் எடுக்கிற காசில கோலாலம்பூர்ல அஞ்சு நட்சத்திர ஹொட்டலே எடுக்கலாம், பெரிய ரூம், பெரிய குளியலறை, விடியச் சாப்பாடும் சேர்த்து. வெளிநாட்டாக்களுக்கு ரூம் ஒண்டுக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி மட்டும் கையில கட்டவரும்.

எயார்போட்டில இருந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேசன் வரைக்கும் எக்ஸ்பிரஸ் ரெயின் 28 நிமிசம், பெட்டி வைக்க இடம், ஏசி, ஒரு படி ஏறத் தேவையில்ல. கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கத்திலதான் பிரிக்ஃபீல்ட்ஸ், முழுக்கத் தமிழ்க் கடை. அங்க ஸ்கொட் ரோட்டில கந்தசாமி கோயில் இருக்கு, அது யாழ்ப்பாணத்தில இருந்து போன எங்கட நாட்டு ஆக்கள் கட்டினது. பத்துமலை கட்டாயம் போவீங்க, ஆனா 272 படி, உங்கட காலோட ஏறவேணாம். கீழ நிண்டு அந்த 42 மீட்டர் முருகனப் பார்த்தாலே மனசு நிறையும். விடிய எட்டு மணிக்கு முதல் போங்க, வெயிலும் இல்ல சனமும் இல்ல. குரங்குகள் கையில இருக்கிறதப் பறிக்கும், சாப்பாட்டுப் பையத் தூக்கிக்கொண்டு போகாதீங்க.

ஆனா மலேசியாவுக்கு நமக்கு ஒன்லைன் விசா எடுக்கோணும், அது கைக்கு வராம டிக்கெட்டுக்குக் காசு கட்டிடாதீங்க.

திருக்கோவில் புள்ள

எனக்கு 29 வயசு, நான் பை தூக்கிக்கொண்டு ஹொஸ்டல்ல படுத்து ஊர் சுத்துற ஆள், அதனால என்ட கதை வித்தியாசமா இருக்கும் அக்கா. ஹொஸ்டல் உங்களுக்குச் சரிவராது, மேல் கட்டில், பொதுக் குளியலறை, இரவு முழுக்க ஆக்கள் வந்து போவாங்க. ஆனா வசதி எண்டுட்டு ஹொட்டலுக்குள்ளயே எல்லாத்தையும் முடிச்சிடாதீங்க. நல்ல ரூம் எடுங்க, சாப்பாட வெளியில வைச்சுக்கொள்ளுங்க. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில டெக்கா சென்டர் எண்டு ஒரு மார்க்கட், கீழயே சாப்பாட்டுக் கடை வரிசை, தோசை, புரியாணி, சீனச் சாப்பாடு எல்லாம் ஒரே கூரைக்குள்ள. அங்க ஒரு மேசையில இருந்து வாற போற சனத்தப் பார்க்கிறதே ஒரு தனிச் சந்தோசம். ஹொட்டல் பஃபேக்குள்ள அது வராது.

ஹொட்டல் தேடக்குள்ள எத்தன நட்சத்திரம் எண்டு பார்க்கிறதுக்கு முதல் எம்ஆர்டி எண்ட நகர ரெயின் ஸ்டேசன் எத்தன நிமிச நடை எண்டு பாருங்க. ஸ்டேசனுக்குள்ள எல்லா இடமும் லிப்ட் இருக்கு. பலகையளில தமிழும் இருக்கும், அங்க தமிழ் ஆட்சிமொழியில ஒண்டு, முதன்முதல் அதைக் கண்டு நான் கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டுட்டன்.

கல்லடி டீச்சர்

எல்லாருக்கும் நன்றி பிள்ளைகள். வாசிச்சு அவக்கும் போன்ல சொன்னன். எயார்போட் நடைதான் ரெண்டு பேருக்கும் பயம். வீல்செயார் கேட்டா நல்ல வருத்தக்காரர் எண்டு நினைச்சு பிளைட்ல ஏத்தாம விட்டுடுவாங்களோ? அவட ஊசி மருந்து எப்பிடிக் கொண்டு போறது?

ஆரையம்பதி நேர்ஸ்

ஏத்தாம விடமாட்டாங்க டீச்சர், அந்தப் பயத்த விடுங்க. வீல்செயார் எண்டது நடக்கவே ஏலாத ஆக்களுக்கு மட்டுமில்ல. படி ஏறுவன் ஆனா தூரம் நடக்க ஏலா எண்டு சொல்றவங்களுக்கெண்டே தனி வகை இருக்கு, டிக்கெட் போடக்குள்ளயே அப்பிடிச் சொல்லுங்க, பிந்தினாலும் பறக்கிறதுக்கு 48 மணித்தியாலத்துக்கு முதல் சொல்லிடுங்க. அதுக்குக் காசு இல்ல. கவுண்டர்ல இருந்து கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவாங்க, கூடப் போற ஆளும் அதே வழியால போகலாம். சீட் நடைபாதைக்கரை எடுங்க, ஒவ்வொரு மணித்தியாலமும் ஒழும்பிக் கொஞ்சம் நடக்கலாம்.

இன்சுலின கைப்பையில மட்டும் வைங்க. கீழ போற பெட்டிக்குள்ள வைச்சா குளிரில உறைஞ்சிடலாம், உறைஞ்ச இன்சுலின் மறுகா வேல செய்யாது. டொக்டர்ட கடிதம் இங்கிலிஷ்ல ஒண்டு, மருந்துத் துண்டு, மருந்து வந்த பெட்டியோட கொண்டு போங்க. சீனி குறைஞ்சா சாப்பிட டொபி, பிஸ்கட் கையோட இருக்கோணும். நேரம் ரெண்டரை மணித்தியாலம் மாறுறதால ஊசி நேரத்த எப்பிடி மாத்திறது எண்டு அவட கிளினிக்கில முன்னமே கேட்கச் சொல்லுங்க. நித்திரக் குளிசையோ கோடீன் உள்ள இருமல் மருந்தோ பாவிக்கிறீங்க எண்டா சிங்கப்பூர்ல கட்டுப்பாடு இருக்கு, அளவு கூடினா முன்கூட்டியே அனுமதி எடுக்கோணும். பரசிட்டமோல் மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டு போகாதீங்க.

கூழாவடி அக்கா

ரூம் கதைக்கு ஒருத்தரும் வரல்ல, அதனால நான் எழுதுறன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

நானும் என்ட சின்ன வயசுச் சிநேகிதியும் ரெண்டு தரம் வெளிநாடு போனம். முதல் தரம் ஒரு ரூம் எடுத்தம், புக் பண்ணக்குள்ள கட்டிலப் பார்க்கல்ல, போய்ப் பார்த்தா ஒரே பெரிய கட்டில். அவ நித்திரயில குறட்டை, நான் சின்னச் சத்தத்துக்கும் முழிக்கிற ஆள். நாலு இரவு நான் நித்திர இல்ல, சொல்லவும் மனசு வரல்ல, சொன்னா அவ மனம் நோவா எண்டு அடக்கினன். அடக்கினது அஞ்சாம் நாள் ஒரு சாப்பாட்டுக் கடையில வேற ஒரு சின்ன விசயத்துக்காக வெடிச்சுது. நாப்பது வருசச் சிநேகிதம், ரெண்டு பேரும் பிளைட்ல ஒரு வார்த்தை கதைக்காம வந்து சேர்ந்தம். ஊருக்கு வந்து மூண்டு மாசத்துக்குப் பிறகு மாமாங்கத் தீர்த்தத்தண்டு கோயில்லதான் மறுகா கதைச்சம், ரெண்டு பேரும் அழுதிட்டம்.

ரெண்டாந்தரம் போகக்குள்ள போறதுக்கு முதலே எங்கட வீட்டு முத்தத்தில இருந்து எல்லாத்தையும் கதைச்சம். குறட்டை, குளிக்கிற நேரம், ஏசி எத்தனையில வைக்கிறது, காசு, சாமான் வாங்குற நேரம். வெட்கமில்லாமக் கதைச்சம். ரெண்டு ரூம் பக்கத்தில பக்கத்தில எடுத்தம். அந்தப் பயணம்தான் எனக்குப் பயணம். விடிய அவ கதவத் தட்டுவா, ரெண்டு பேரும் நல்லா நித்திரயாகி ஒழும்பின முகத்தோட தேத்தண்ணி குடிக்கப் போவம்.

உங்களுக்கு ரெண்டு ரூமுக்குக் காசு காணாட்டி ஒரு ரூம்ல ரெண்டு தனிக் கட்டில் எண்டு கேளுங்க, ட்வின் எண்டு போட்டிருக்கும், டபிள் எண்டா ஒரு கட்டில். புக் பண்ணினதுக்குப் பிறகும் ஈமெயில்ல உறுதிப்படுத்துங்க. காசுக்கு ஒரு பொதுப் பர்ஸ் வைங்க, ரெண்டு பேரும் ஒரே அளவு போட்டு வாகனமும் சாப்பாடும் அதுக்குள்ளால போகட்டும், சாமான் வாங்குறது அவங்கவங்கட காசு. செக்-இன் பண்ணக்குள்ள கார்ட்டில டெபாசிட் பிடிப்பாங்க, அது ஆருட கார்ட் எண்டதையும் முன்னமே பேசி வைங்க.

மத்தியானம் ரெண்டு தொடக்கம் நாலரை வரைக்கும் ஒண்டும் வைக்காதீங்க. சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குக் கிட்ட, வெயில் இல்லாட்டி மழை. ரூமுக்கு வந்து படுங்க. நல்ல ஹொட்டலுக்குக் குடுக்கிற காசு அந்த ரெண்டரை மணித்தியாலத்துக்குத்தான், இரவுக்கில்ல. ஒரு நாள் அவ முஸ்தபா கடைக்குச் சாமான் வாங்கப் போகப் போறன் எண்டா, உங்களுக்கு ஏலாட்டி, நீங்க இருங்க, அவ போகட்டும். எல்லாத்துக்கும் ஒண்டாத்தான் போகோணும் எண்டு நினைச்சதுதான் எங்கட முதல் பயணத்தக் கெடுத்தது.

முழங்காலுக்கு ஏத்த இடங்கள்: பொட்டானிக் கார்டன்ல ஓர்க்கிட் தோட்டம் பார்க்கப் போனா, எம்ஆர்டியில இறங்கினா நல்ல நடை இருக்கு, டாக்சியில நாசிம் கேட்டடியில இறங்குங்க. நைட் சஃபாரியில ட்ராம் இருக்கு, இருந்த இடத்தில இருந்தே மிருகங்களப் பார்க்கலாம். கார்டன்ஸ் பை த பேயில சின்ன ஷட்டில் வண்டி ஓடும், கிளவுட் ஃபொரஸ்ட்டுக்குள்ள லிப்ட், உள்ளுக்குக் குளிர், ஒரு சால்வை கொண்டு போங்க.

வாவிக்கரை

கட்டுநாயக்க கதைய மறந்திட்டன். அதே நாள் வான் பிடிச்சு ஓடவேணாம். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், இரவில மின்னேரியா ஹபரணைப் பக்கம் யானை றோட்டுக்கு வரும். முதல் நாள் விடிய வெளிக்கிடுங்க, தம்புள்ளையில சாப்பிட்டு, குருநாகலால நீர்கொழும்புக்கு வெளிச்சத்தோட போய் அங்க ஒரு இரவு தங்குங்க. எயார்போட் அங்கயிருந்து கிட்ட. திரும்பி வரக்குள்ளயும் இதே மாதிரி. பயணம் நீர்கொழும்பில தொடங்குது எண்டு எடுத்துக்கொள்ளுங்க.

கல்லடி டீச்சர்

கூழாவடி அக்கா, நீங்க எழுதினத அவக்குப் போன்ல முழுக்க வாசிச்சன். வாசிச்சு முடிய அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல, மறுகா கேட்டா, "எனக்கு இரவில ரெண்டு மூண்டு தரம் ஒழும்பி லைட் போடோணும், சீனி பார்க்கோணும், அதை உனக்கு எப்பிடிச் சொல்றது எண்டுதான் இவ்வளவு நாளும் யோசிச்சன்" எண்டா. 19 வருசம் பக்கத்து மேசை, இது எனக்குத் தெரியாது.

சிங்கப்பூர் மட்டும் எண்டு முடிவு. அஞ்சு இரவு, பக்கத்தில பக்கத்தில ரெண்டு ரூம். காசு கொஞ்சம் இழுக்குது, அதுக்காக ஆறாவது இரவ விட்டிட்டம். கல்முனைத் தம்பி கோவிக்காதீங்க, பத்துமலை அடுத்த சீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவட வீட்ட போய் மற்றதையும் கதைக்கிறம்.

திருக்கோவில் புள்ள

அக்கா அஞ்சு நாளுக்குள்ள ஒரு விடிய சிலோன் ரோட்டுக்குப் போங்க, அங்க செண்பக விநாயகர் கோயில். எங்கட நாட்டுத் தமிழாக்கள் வளர்த்தெடுத்த கோயில் அது, செண்பக மரத்தடியில கண்டெடுத்த பிள்ளையார். மத்தியானம் நடை சாத்திடுவாங்க, பத்து மணிக்கு முதல் போயிடுங்க.