சித்தப்பாவுக்கு வயசாயிடுச்சா, வெயிலா?

சித்தப்பா: அதே ரூட், அதே 5 கிலோமீட்டர் ஓட்டம். ரெண்டு மாசம் முன்ன 31 நிமிஷம், இன்னிக்கு 35. நாக்கு தள்ளிடுச்சு. வயசாயிடுச்சு போலருக்கு

சித்தி: இதையே நான் சொன்னா மட்டும் கோவம் பொத்துக்கிட்டு வரும்

அக்கா: ஹார்ட் ரேட் எவ்ளோ காட்டுச்சு சித்தப்பா?

சித்தப்பா: கடைசில 168மா. முன்னல்லாம் 155 தாண்டாது

அக்கா: அப்ப வயசில்ல, வெயிலு. உடம்பு சூட்ட வெளிய தள்ள ரத்தத்த தோல் பக்கம் அனுப்புது, காலும் அதே ரத்தத்ததான் கேக்குது, இதுல வேர்வையா வேற தண்ணி போயிட்டே இருக்கு, அதனால ஒவ்வொரு துடிப்புக்கும் கெளம்புற ரத்தம் கொறஞ்சு இதயம் வேகமா அடிச்சு ஈடு கட்டுது. ரெண்டு மாசத்துல யாருக்கும் நாலு நிமிஷ வயசு ஏறாது

நான்: 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்ல பெண்கள் மாரத்தான நடுராத்திரில வச்சாங்க, அப்பவும் 30 டிகிரிக்கு மேல. 68 பேர் ஓட ஆரம்பிச்சு 28 பேர் முடிக்கவே இல்ல

சித்தப்பா: நான் முடிச்சேன்ல 😎

பெரியத்தை: டேய் தம்பி, இன்னிக்கு வெயிலே இல்லியேடா, மேகமாத்தான இருந்துச்சு?

அக்கா: புழுக்கம் அதவிட மோசம் அத்தை. வேர்வை காஞ்சாத்தான் சூடு எறங்கும். காத்துல ஈரம் இருந்தா காயாம சொட்டிரும், சொட்டுன வேர்வை வேஸ்ட்டு

சித்தி: ஆமா, வந்து கழட்டிப் போட்ட டீசர்ட்ட புழிஞ்சா அர பக்கெட் வரும், சோபா மேல போட்டு வச்சிருக்காரு

அக்கா: ஒரு 10, 14 நாள் மெதுவா ஓடுங்க, வேகத்த பாக்காதீங்க, ஹார்ட் ரேட்ட மட்டும் பாருங்க. உடம்பு பழகிரும், வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், உப்பும் கம்மியாதான் வெளிய போகும். ஆனா தலை சுத்துது, குமட்டுதுன்னா அங்கயே நின்னுரணும், வீராப்பு வேணாம்

பெரியத்தை: எனக்கு குளிர்லதான் பிரச்சன, வேகமா நடந்தா நெஞ்சுல விசில் அடிக்குது

அக்கா: குளிர்ந்த காத்து ஈரமில்லாம உள்ள போறப்ப சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும் அத்தை. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருங்க. அதுவரைக்கும் மூக்கு வாய மூடி ஒரு துணி கட்டிக்கிட்டு, வார்ம் அப்ப நல்லா நீட்டி பண்ணுங்க. குளிர்ல தாகமும் தெரியாது, தண்ணி குடிக்க மறந்துருவோம்

சித்தப்பா: சரி நான் எவ்ளோ தண்ணி குடிக்கணும்?

நான்: ஓடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெயிட் பாருங்க. 1 கிலோ கொறஞ்சா கிட்டத்தட்ட 1 லிட்டர் போயிருக்குன்னு அர்த்தம். அதுக்காக ஒரே மூச்சுல குடிச்சு வயித்த ரொப்பாதீங்க

சித்தி: வெயிட் மெஷினா? போன தடவ ஏறிப் பாத்துட்டு கட்டிலுக்கு அடில தள்ளுனாரு, இன்னும் வெளிய வரல

சித்தப்பா: பேட்டரி இல்லம்மா அதுல

சித்தி: புது பேட்டரி போட்டாச்சு. ஏறுங்க