மீன்தொட்டியில் வைத்த மணி பிளான்ட் பழுக்கிறது, உதவி தேவை

தாம்பரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். மீன்தொட்டியில் வேர் நனையும்படி வைத்திருக்கும் மணி பிளான்ட்டின் இலைகள் மஞ்சளாகி, ஓரங்கள் கருகிக்கொண்டே வருகின்றன. வேரும் பழுப்பாகிவிட்டது. மீன்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மீன் கழிவே செடிக்கு உரம் என்று எல்லோரும் சொல்லும்போது என் செடி மட்டும் ஏன் வாடுகிறது? விரைந்து பதில் தந்தால் நன்றாக இருக்கும்.

கோவைக்கொடி:
வணக்கம். தொட்டி எத்தனை லிட்டர், என்ன மீன், எத்தனை மீன்? தண்ணீர் போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? செடியை மண்ணிலிருந்து பிடுங்கி வைத்தீர்களா, கிளையை வெட்டி வேர்விட வைத்தீர்களா? மஞ்சளாவது அடியிலுள்ள பழைய இலையா, நுனித் தளிரா? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

தளிர்நேசன்:
இது இரும்புச்சத்துக் குறைபாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. மீன் உணவும் கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தாராளமாகக் கொடுக்கும். ஆனால் இரும்பும் பொட்டாசியமும் அவற்றிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. போர் தண்ணீர் கடினமாக (சுண்ணாம்பு மிகுந்து) இருந்து, அதன் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8ஐ நெருங்கினால், நீரில் இருக்கும் கொஞ்ச இரும்பைக்கூட வேரால் உறிஞ்ச முடியாது. உரக்கடையில் செலேட் இரும்பு (வேர் எளிதில் உறிஞ்சும் வடிவிலுள்ள இரும்பு) கேட்டு வாங்கிச் சிறிதளவு இடுங்கள். ஒரு வகை செலேட் நீரைச் சிவப்பாக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பழந்தொட்டி:
இதே கேள்வி இங்கே மாதந்தோறும் வருகிறது. தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் வருவதில்லை. மண்ணில் வளர்ந்த வேர் வேறு, நீரில் வளர்ந்த வேர் வேறு. நர்சரிச் செடியின் மண்ணைக் கழுவிவிட்டு அப்படியே தொட்டியில் இறக்கினால் பழைய வேர் மூச்சு முட்டி அழுகும். கணுவுக்குக் கீழே வெட்டி, வெறும் தண்ணீரில் வெள்ளை வேர் வரவிட்டு, அதன்பிறகே தொட்டிக்கு மாற்ற வேண்டும். இலையும் தண்டும் நீருக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதையுமா நான் சொல்ல வேண்டும்?

தாம்பரத்தான்:
60 லிட்டர் தொட்டி, நான்கு தங்கமீன்கள், போர் தண்ணீர். கிளையை வெட்டிப் பாட்டிலில் வேர்விட்ட பிறகுதான் தொட்டிக்கு மாற்றினேன். ஜன்னலோரம் வெளிச்சம் உண்டு. முதலில் பழுத்தவை பழைய இலைகள்.

பழந்தொட்டி:
60 லிட்டரில் நான்கு தங்கமீன்களா? செடியைப் பிறகு பார்ப்போம். ஒரு தங்கமீன் கையளவு வளரும் என்பதைக்கூட விசாரிக்காமல் மீன் வாங்குவோருக்கு என்ன விளக்கம் சொல்வது!

தளிர்நேசன்:
பழைய இலை முதலில் பழுத்தால் அது பொட்டாசியக் குறைவு. நான் முன்பே பொட்டாசியத்தையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

மீனாட்சிபுரம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மணி பிளான்ட்டும் லக்கி பேம்பூவும் வைத்ததிலிருந்து நான் தொட்டி நீரை மாற்றுவதே இல்லை. ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஊற்றுவதோடு சரி. மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டைச் செடியே எடுத்துக்கொள்ளும்போது வாரந்தோறும் வாளி சுமப்பது வீண் வேலை.

பழந்தொட்டி:
இதுதான் ஆபத்தான அறிவுரை. செடி முக்கியமாக எடுப்பது நைட்ரேட்டையும் அம்மோனியாவையும்தான். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், குளோரைடு ஆகியவற்றில் பெரும்பகுதி அங்கேயே தங்கும். ஆவியாவது தூய நீர். நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீர். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டி நீர் இன்னும் கடினமாகிறது.

மீனாட்சிபுரம்:
என் கப்பி மீன்கள் குட்டி மேல் குட்டி போடுகின்றன, ஐயா. நீர் கெட்டிருந்தால் போடுமா?

பழந்தொட்டி:
கப்பி கடின நீரை விரும்பும் மீன், உப்பையும் தாங்கும். அதை வைத்து எல்லாத் தொட்டிகளுக்கும் விதி எழுதாதீர்கள்.

தளிர்நேசன்:
செடி நைட்ரேட்டை எடுக்கும் வேகமும் வெளிச்சத்தைப் பொறுத்தது. இருட்டு மூலையில் இருக்கும் செடி உயிரோடு இருக்குமே தவிர, வளர்ச்சி குறைவு என்பதால் எடுப்பதும் குறைவு. பழுத்த இலை நீரில் விழுந்து அழுகினால் எடுத்த நைட்ரஜனில் ஒரு பகுதி நீருக்கே திரும்பிவிடும். ஆகவே நீர் மாற்றத்தைக் குறைக்கலாம் என்று சொல்லலாம். நிறுத்தலாம் என்பதை நானும் ஏற்கவில்லை.

கோவைக்கொடி:
கேட்டவரின் சிக்கலுக்கு வருவோம். எங்கள் கோவையின் கடினமற்ற சிறுவாணித் தண்ணீரில் மணி பிளான்ட் எந்த உரமும் இல்லாமல் தொட்டியில் செழிக்கிறது, எனவே சத்துக்குறைவை மட்டும் காரணமாகக் கொள்ளத் தயங்குகிறேன். சத்து குறைந்தால் இலை வெளுக்கும். ஆனால் ஓரம் கருகுவதும் வேர் பழுப்பாவதும் ஒன்றாக வந்தால், நீரில் கரைந்துள்ள ஏதோ ஒன்று அளவுக்கு மீறிவிட்டது என்றே எண்ணத் தோன்றுகிறது. தாம்பரத்து நண்பரே, தொட்டியில் மருந்து, மெத்திலீன் நீலம், கல் உப்பு என்று ஏதாவது போடுகிறீர்களா?

தாம்பரத்தான்:
கல் உப்பு போடுவது வழக்கம்தானே. தங்கமீனுக்கு நோய் வராமல் இருக்க, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றியதும் நான்கு மேசைக்கரண்டி போடச் சொன்னார் கடைக்காரர். அதைத்தான் செய்துவருகிறேன்.

கோவைக்கொடி:
இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். நான்கு மேசைக்கரண்டிக் கல் உப்பு ஏறத்தாழ 60 கிராம், அதாவது லிட்டருக்கு 1 கிராம். ஒருமுறை போட்டால் அது பெரிய அளவன்று. ஆனால் உப்பு ஆவியாகாது, செடியும் அதை விரும்பி எடுக்காது. நீங்கள் வெளியே எடுக்கும் நீரோடு மட்டுமே அது போகும். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றிவிட்டு முழுத் தொட்டிக்கான உப்பையும் போட்டால், முக்கால் பங்கு பழைய உப்பு உள்ளேயே இருக்க, புதிய உப்பு அதன்மேல் சேர்ந்து, சில மாதங்களில் லிட்டருக்கு 4 கிராமை நெருங்கும். வளர்ந்த தங்கமீன் அதைக் கொஞ்ச காலம் தாங்கும். மணி பிளான்ட்டின் வேர் தாங்காது. உப்பு மிகுந்த நீரிலிருந்து வேரால் நீரை இழுக்க முடியாமல், தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடுகிறது.

உப்பை நிறுத்துங்கள். ஆனால் தொட்டியை ஒரே நாளில் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், மீன் அதிர்ச்சியைத் தாங்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். கருகாத கொடியில் ஒரு கணுவை வெட்டி வெறும் நீரில் தனியே வேர்விட வையுங்கள். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கிடைத்தால் போர் தண்ணீரையும் தொட்டி நீரையும் அளந்து சொல்லுங்கள்.

பழந்தொட்டி:
உப்பு என்பது நோய் வந்தபோது கொடுக்கும் மருந்து, வாராந்தர உணவன்று. நான் இதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

தளிர்நேசன்:
உப்பைக் குறைத்த பிறகும் பழுத்தால் பொட்டாசியத்தைக் கவனியுங்கள். வேர் மீண்டும் நீளும்போது ஃபில்டருக்குள் நுழைந்து மோட்டாரைச் சுற்றிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரம்:
நான் உப்பே போடுவதில்லை. ஆகவே என் முறையில் தவறில்லை என்றாகிறதல்லவா?

பழந்தொட்டி:
உங்கள் போர் தண்ணீரில் இருப்பது என்னவாம்? மீட்டர் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.

தாம்பரத்தான்:
மீட்டர் வாங்கினேன். போர் தண்ணீரில் 620, தொட்டியில் 3,900. உப்பை நிறுத்திவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

கோவைக்கொடி:
தொட்டி நீர் 1,000க்குக் கீழே வந்த பிறகே புதிய கொடியை இறக்குங்கள். நைட்ரேட் அளவு என்ன? நான்கு தங்கமீன்களுக்கு ஒரு கொடி போதுமா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மீனாட்சிபுரம்:
என் தொட்டியில் 1,450 காட்டுகிறது. இது அதிகமா?